உள்நாட்டு விமானத்தில் முன்வரிசை: கூடக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கும்?

மாதம் ஒருமுறையாவது சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ போய்வரும் வேலை எனக்கு. சில சமயம் அலுவலகம் முன்வரிசை டிக்கெட் போட்டுத் தரும். பல சமயம் முட்டி இடிக்க 28ஆம் வரிசைதான். இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் "பிசினஸ் கிளாஸ் போடலாமா, வேண்டாமா?" என்று வாட்ஸாப்பில் கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. துபாய், சிங்கப்பூர் கணக்கே வேறு.

முதலில், எந்தெந்த விமானங்களில் மேல் வகுப்பு இருக்கிறது?

ஏர் இந்தியாவில் இருக்கிறது. 2015இல் பறக்கத் தொடங்கிய விஸ்தாராதான் உள்நாட்டில் பிரீமியம் எகானமி என்ற நடு வகுப்பைக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது, அந்த வகுப்பும் கூடவே வந்துவிட்டது. மூன்று வகுப்பு உள்ள ஏ320 நியோ விமானத்தில் பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132 என்று மொத்தம் 164 இருக்கைகள்.

2006இல் தொடங்கிய இண்டிகோ பதினெட்டு வருடம் ஒரே வகுப்பை வைத்தே காலம் தள்ளியது. 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் 'ஸ்ட்ரெச்' என்ற பெயரில் 12 இருக்கைகளை முன்னால் போட்டது. அறிமுகக் கட்டணம் 18,018 ரூபாயிலிருந்து ஆரம்பித்தது. பிறகு மற்றப் பெருநகரத் தடங்களுக்கும் வந்தது.

ஆகாசாவில் எல்லாரும் ஒரே வகுப்புதான். சென்னையிலிருந்து சேலம் போவது போன்ற ஏடிஆர் சிறு விமானங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே முன்வரிசையும் பின்வரிசையும் அண்ணன் தம்பி.

பிசினஸ், பிரீமியம் எகானமி, ஸ்ட்ரெச்... பெயரைக் கேட்டால் குழப்பமாக இருக்கிறதே?

பெயரை விடுங்கள், இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள்: ஒரு வரிசையில் எத்தனை பேர், முன் இருக்கைக்கும் உங்கள் இருக்கைக்கும் நடுவே எத்தனை அங்குலம்.

ஏ320, ஏ321 ரக விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு பேர் உட்காருவது வழக்கம். பிசினஸில் அதே அகலத்தில் இரண்டு இரண்டாக நான்கு பேர்தான். அதனால்தான் இருக்கை அகலமாகிறது, நடு சீட் என்ற தொல்லையும் ஒழிகிறது. ஸ்ட்ரெச்சும் இதே போல் இரண்டு இரண்டுதான்.

பிரீமியம் எகானமியில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏ320 நியோவில் அந்த 24 இருக்கைகள் நான்கு வரிசையில் இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள், வரிசைக்கு ஆறு பேர். ஆக அகலம் எகானமி அகலம்தான், நடு சீட்டும் உண்டு. கூடுதலாகக் கிடைப்பது கால் நீட்ட இடமும் கொஞ்சம் அதிகச் சாய்மானமும். தோள் இடிக்கிறது என்பவருக்கு இது மருந்தில்லை, முட்டி இடிக்கிறது என்பவருக்கு மருந்து.

அங்குலக் கணக்கு இப்படி: ஒரு இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த இருக்கையின் முதுகு வரை உள்ள தூரத்தை 'பிட்ச்' என்பார்கள். எகானமியில் இது 28 முதல் 30 அங்குலம். ஏர் இந்தியா புதுப்பித்த ஏ320 நியோக்களில் பிரீமியம் எகானமிக்கு 32, பிசினஸுக்கு 40. பிசினஸ் இருக்கை 7 அங்குலம் சாயும். ஸ்ட்ரெச்சில் பிட்ச் 38 அங்குலம், சாய்மானம் 5 அங்குலம். ஆறடி ஆளுக்கு இரண்டு அங்குலம் என்பது பெரிய விஷயம். ஐந்தரை அடிக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. என் மாமா ஒருவர் பிரீமியம் எகானமியில் போய் இறங்கி, "எல்லாம் ஒண்ணுதானப்பா, சாப்பாடுதான் சுமார்" என்றார். அவர் உயரத்துக்கு அது நியாயமான தீர்ப்பு.

எத்தனை மணி நேரப் பயணம் என்றால் கூடக் கொடுக்கலாம்?

இதற்கு என்னிடம் ஒரு பிடிவாதமான பதில் உண்டு. சென்னை–பெங்களூரு போன்ற தடத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தாலும், ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான். ஏறி நேராகும்வரை இருக்கையைச் சாய்க்க விடமாட்டார்கள், இறங்கத் தொடங்கியதும் நிமிர்த்தச் சொல்வார்கள். நடுவே இருபது நிமிடம் சாய்வதற்கு அத்தனை ஆயிரமா?

சென்னை–டெல்லி, சென்னை–கொல்கத்தா போன்ற இரண்டரை, மூன்று மணி நேரப் பயணங்களுக்கு யோசிக்கலாம். அதுவும் விடியற்காலை விமானமாக இருந்து, போனவுடன் வேலை பார்க்க வேண்டியிருந்தால். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிளம்புபவருக்கு, போகும் வழியில் இரண்டு மணி நேரம் கண்ணசருவது ஓட்டல் அறைக்குச் சமம். மாலை திரும்பும்போது எகானமியே போதும், வீட்டுக்குத்தானே வருகிறோம். போகும்போது மேல், வரும்போது கீழ் என்று பிரித்துப் பதிவு செய்வதில் தப்பே இல்லை.

டிக்கெட் விலை தவிர வேறு என்ன கூடுகிறது?

வரி. எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. பிரீமியம் எகானமியும் 'எகானமி அல்லாத' கணக்கில்தான் வரும், பெயரில் எகானமி என்ற சொல் இருக்கிறதே என்று வரி குறையாது. 20,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 3,600 வரி. 5 சதவீதம் என்றால் ஆயிரத்தோடு முடிந்திருக்கும். ஒப்பிடும்போது வரி சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்கள். கம்பெனிப் பயணமென்றால் பதிவு செய்யும்போதே ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் சேர்க்கச் சொல்லி அலைவது தனி வேலை.

உள்நாட்டு விமானத்தில் படுத்துக்கொண்டு போக முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். வெளிநாட்டுத் தடங்களில் ஓடும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்களை ஏர் இந்தியா சில உள்நாட்டுத் தடங்களிலும் ஓட்டுகிறது. அதன் முதல் ஏ350 பயணிகளோடு பறந்ததே 2024 ஜனவரியில் பெங்களூரு–மும்பை தடத்தில்தான். அதில் பிசினஸ் இருக்கைகள் 28, எல்லாமே படுக்கையாக விரியும். விஸ்தாராவிலிருந்து வந்த ஏ321 நியோக்களிலும் முன்னால் 12 படுக்கை இருக்கைகள் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவு செய்யும் பக்கத்தில் விமான ரகம் சின்ன எழுத்தில் இருக்கும். இருக்கைப் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு நடைபாதை தெரிந்தால் பெரிய விமானம். அதே நாளில் அதே ஊருக்கு இரண்டு மணி நேர வித்தியாசத்தில் கிளம்பும் இரண்டு விமானங்களில் ஒன்றில் சோபா, இன்னொன்றில் கட்டில் என்று இருக்கும், விலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இதைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பார்த்து டிக்கெட் போடுபவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. ஒரு எச்சரிக்கை: கடைசி நேரத்தில் விமானத்தை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கட்டிலை நம்பித் தூக்க மாத்திரை போட்டுவிட வேண்டாம்.

சாப்பாடு எப்படி?

பிசினஸில் உட்கார்ந்ததும் குளிர்ந்த பானம் ஒன்று, சூடான ஈரத்துண்டு ஒன்று, பிறகு பீங்கான் தட்டில் சூடாகச் சாப்பாடு. நிஜமான முள்கரண்டி, கண்ணாடிக் குவளை, துணி நாப்கின். காலை நேரமென்றால் ஆம்லெட்டும் உண்டு, நம்மூர் வகையில் இட்லி, உப்புமா, தோசை ஏதாவது ஒன்றும் இருக்கும். தோசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கீழே சமையற்கூடத்தில் சுட்டு, குளிர வைத்து, மேலே மறுபடி சூடாக்கித் தரும் தோசை தோசையாக இருக்காது. பொங்கலும் உப்புமாவும் இந்தச் சோதனையைத் தாங்கும். ஸ்ட்ரெச்சில் ஓபராய் தயாரித்த சைவ உணவுப் பெட்டி என்று ஆரம்பித்தார்கள், தட்டு அல்ல.

மேலே போனால் நாக்கும் கொஞ்சம் மழுங்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போல, அதாவது ஊட்டிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வைக்கப்படுகிறது. காற்றும் காய்ந்து கிடக்கும். உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரியும். அதனால்தான் சாம்பாரும் குழம்பும் தேறுகின்றன, வெறும் காய் வேகவைத்தது சப்பென்று இருக்கிறது. காபி பற்றிக் கேட்காதீர்கள். நான் குடித்தவரை பித்தளை டபராவின் வாசனைகூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

சிறப்பு உணவு வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டில் 'ஏவிஎம்எல்' என்று இருந்தால் வடபழனி ஸ்டுடியோ என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய முறைச் சைவ உணவுக்கு விமான உலகம் வைத்த குறியீடு அது.

மது உண்டா?

கிடையாது. எந்த வகுப்பாக இருந்தாலும் இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் பரிமாறுவதில்லை. சொந்தமாகக் கொண்டுபோய்க் குடிப்பதும் கூடாது.

லவுஞ்ச் உண்மையிலேயே உதவுமா?

பிசினஸ் டிக்கெட்டோடு லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் சாப்பாட்டோடு உட்கார்ந்து காத்திருக்கும் தனி அறை, அனுமதி பெரும்பாலும் சேர்ந்தே வரும். பிரீமியம் எகானமியில் வருவதில்லை. ஸ்ட்ரெச் என்றால் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆனால் லவுஞ்சுக்காக யாரும் பிசினஸ் டிக்கெட் வாங்க வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் விமான நிறுவனத்துக்குச் சொந்த லவுஞ்ச் கிடையாது. வேறு நிறுவனம் நடத்தும் பொது லவுஞ்சுக்குத்தான் அனுப்புவார்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு வரும் கூட்டமும் அங்கேதான் நிற்கும். காலை ஆறு மணிக்கு வாசலில் வரிசையைப் பார்த்தால் கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்பது போலவே இருக்கும். உங்கள் கார்டிலேயே லவுஞ்ச் சலுகை இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். இப்போது பல வங்கிகள் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் என்று நிபந்தனை வைக்கின்றன.

வரிசையில் நிற்காமல் போகலாம் என்கிறார்களே?

செக்-இன் கவுன்டரில் உண்மை. அங்கே தனி வரிசை, ஐந்து நிமிடத்தில் முடியும். பெட்டி இல்லாதவருக்கு அதுவும் தேவையில்லை. பாதுகாப்புச் சோதனையில் சில விமான நிலையங்களில் தனி வரிசை உண்டு, ஆனால் சோதனை ஒன்றேதான். பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் சிஐஎஸ்எஃப் காவலருக்கு உங்கள் வகுப்பு பற்றி அக்கறையில்லை. ஊறுகாய் பாட்டிலையும் விடமாட்டார், பிசினஸ் டிக்கெட்டாக இருந்தாலும்.

விமானத்தில் முதலில் ஏறுவது ஏரோபிரிட்ஜ் (நிலையத்திலிருந்து நேரே விமானக் கதவுக்கு நடந்து போகும் பாலம்) இருந்தால் சுகம். பேருந்தில் கொண்டுபோனால் வேடிக்கை: முதலில் ஏறியவர் பேருந்து நிறையும்வரை உள்ளேயே நின்றுகொண்டிருப்பார், கடைசியாக ஏறியவர் கதவோரம் நின்று முதலில் இறங்குவார். இறங்கும் ஊரில் முன்வரிசைக்காரர் முதலில் வெளியே வருவது மட்டும் உறுதி. பெட்டிக்கு 'முன்னுரிமை' அட்டை கட்டினாலும், அது எப்போது வரும் என்பது அந்தந்த ஊர் பெல்ட்டின் சித்தம்.

லக்கேஜ் எவ்வளவு கூடும்?

எகானமியில் பொதுவாகப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ. பிசினஸில் கைப்பை 10 கிலோ. பெட்டி எடை நீங்கள் வாங்கிய கட்டண வகையைப் பொறுத்துக் கூடும், டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, சுமப்பவர் முதுகுக்காக வைத்த விதி அது. கல்யாணப் புடவை, சீர்வரிசை என்று நாற்பது கிலோவோடு போகிறவர்கள், எகானமி டிக்கெட்டும் கூடுதல் எடைக் கட்டணமும் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சில நாள் பிரீமியம் பக்கம் போய் நிற்கும்.

வயதான அப்பா அம்மாவுக்குப் போட்டுத் தரலாமா?

நல்ல எண்ணம். ஆனால் எதற்காக என்று யோசித்துச் செய்யுங்கள். சக்கர நாற்காலி உதவிக்காக என்றால் மேல் வகுப்பு தேவையே இல்லை. நடக்கச் சிரமப்படுபவருக்கு எந்த வகுப்பானாலும் அந்த உதவி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் போதும். விமான நிலையத்தின் நீண்ட நடையும் வரிசையும்தான் அவர்களைக் களைப்பாக்கும், அதை நாற்காலியே தீர்த்துவிடும்.

முட்டி மடக்க முடியாதவர், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவர் என்றால் பிசினஸ் நிஜமாகவே உதவும். முன்னால் உள்ள கழிப்பறை எட்டுப் பேருக்குத்தான். எகானமியில் பின்னால் நடக்க வேண்டும், நடுவே உணவு வண்டி வழி மறிக்கும். என் அம்மாவை முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டெல்லிக்கு ஒருமுறை பிசினஸில் கூட்டிப் போனேன். இருக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் எழுந்து போய்வர முடிந்ததைத்தான் ஊருக்கெல்லாம் சொன்னார்.

பிசினஸ் வேண்டாம், காலுக்கு மட்டும் இடம் வேண்டும். வழி?

கூடுதல் கால் இடம் என்று விற்கும் எகானமியின் முதல் வரிசை அல்லது அவசர வழி வரிசை. மேல் வகுப்பை விடப் பல மடங்கு மலிவு. என் சொந்தக் காசில் நான் போடுவது இதைத்தான். இதிலும் சில சூட்சுமங்கள் உண்டு. முதல் வரிசையில் முன்னால் சுவர் இருப்பதால் பையைக் காலடியில் வைக்க முடியாது. சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். அவசர வழி வரிசை இரண்டாக இருந்தால் முன்னால் உள்ளது சாயாது, பின்னால் உள்ளதைப் பிடியுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், கதவைத் திறந்து உதவ முடியாதவர்கள் அங்கே உட்காரக் கூடாது.

மேல் வகுப்பு டிக்கெட் வாங்கினேன், விமான நிலையத்தில் கீழ் வகுப்பில் உட்காரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்த ஒரு பதிலுக்காகவாவது இந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். விமானம் மாறியது, இருக்கை உடைந்திருக்கிறது, அதிகமாக விற்றுவிட்டோம் என்று ஏதாவது காரணம் சொல்லி, உங்கள் சம்மதமில்லாமல் கீழ் வகுப்புக்கு இறக்கினால், உள்நாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் விலையில் 75 சதவீதத்தை வரியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொண்டுவந்த விதி, 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. 20,000 ரூபாய் டிக்கெட் என்றால் 15,000 திரும்ப வரும், பயணமும் நடக்கும். நியாயமான விதிதான். பிரச்சினை, கவுன்டரில் யாரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

எனக்கே நடந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மேல் வகுப்பு டிக்கெட்டோடு போன என்னிடம் வரிசை எண் மாறாத போர்டிங் பாஸைக் கொடுத்தார்கள். உள்ளே போனால் அது சாதாரண இருக்கை. கேட்டதற்கு, "அதே வரிசைதானே சார்" என்றார் கவுன்டர் தம்பி. முதலில் ஒரு உணவுக் கூப்பன் நீட்டினார்கள். பழைய டிக்கெட், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் படம் எடுத்து வைத்திருந்தேன். ஊர் திரும்பியதும் விதியைக் குறிப்பிட்டு இரண்டு மின்னஞ்சல், மூன்றாவது வாரம் பணம் வந்தது. நீங்களும் படம் எடுங்கள், கூப்பனுக்குத் தலையாட்டாதீர்கள். பதில் வரவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம்.

டிவி, வைஃபை?

ஒரே நடைபாதை உள்ள விமானங்களில் இருக்கைக்குப் பின்னால் திரை பெரும்பாலும் இல்லை. உங்கள் போனிலேயே பார்க்கும் வசதியும், போனை நிறுத்தி வைக்க ஒரு பிடியும் இருக்கும். 2005இல் வந்த கிங்ஃபிஷர் எகானமியிலும் ஆளுக்கு ஒரு திரை கொடுத்தது. 2012இல் அந்த நிறுவனமே நின்றுபோனது. திரைக்கு எடை உண்டு, எடைக்கு எரிபொருள் செலவு உண்டு. வைஃபையை ஏர் இந்தியா 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டிலும் சில விமானங்களில் தருகிறது. முதலாளி கூப்பிட்டால் எடுக்க வேண்டியிருக்குமே என்று நான் இணைப்பதில்லை.

மலிவாக மேல் வகுப்புக்கு மாற வழி இருக்கிறதா?

பயணத்துக்குச் சில நாள் முன்பிருந்து நிறுவனமே மின்னஞ்சலிலும் செயலியிலும் ஆசை காட்டும். ஏலம் கேட்கும் முறையும் உண்டு. செக்-இன் கவுன்டரில் கேட்டால் சில நாள் நல்ல விலை சொல்வார்கள், செவ்வாய், புதன் மதிய விமானங்களில் இடம் காலியாக இருக்கும். திங்கள் காலை டெல்லி விமானத்தில் கேட்டுப் பயனில்லை. மத்திய அரசில் ஊதிய நிலை 14, அதாவது இணைச் செயலாளர் அளவிலிருந்து உள்நாட்டில் பிசினஸ் வகுப்புக்குத் தகுதி உண்டு. அவர்களும் கம்பெனி மேலாளர்களும் முன்வரிசைகளை ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். 2009இல் அரசு சிக்கன நடவடிக்கை என்று அமைச்சர்களை எகானமிக்கு அனுப்பியபோது, அப்போது இணையமைச்சராக இருந்த சசி தரூர் ட்விட்டரில் எகானமியை 'மாட்டு வகுப்பு' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா?

கம்பளியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

கூடாது. கேட்டவர் என் சித்தப்பா, அதனால் மரியாதையாகவே சொல்கிறேன். கம்பளி, தலையணை, கண்ணாடிக் குவளை எதுவும் நமக்கில்லை. பற்பசை, காலுறை அடங்கிய குட்டிப் பை வெளிநாட்டு நீண்ட பயணத்துக்குத்தான், உள்நாட்டில் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் சாப்பிடாத சாக்லேட்டும் உங்களுடையவை. இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கையால் தொடாதீர்கள் சித்தப்பா. அது நினைவுப் பரிசு இல்லை, எடுத்தால் போலீஸ் கேஸ்.